கற்பூர மரத்தின் பிறந்த வீடு

ஹோபார்ட் விமான நிலையம்

டாஸ்மேனியாவில் என்னை முதலில் விசாரித்தது ஒரு நாய். பெட்டிக்காகக் காத்து நின்ற கூட்டத்துக்குள் ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டு வந்தது, என் கைப்பைக்கு முன்னால் வந்ததும் உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "பழம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று அதைப் பிடித்திருந்த பெண் கேட்டாள். இல்லை என்று அடித்துச் சொன்னேன். நாய் அசையவில்லை. பையைக் கொட்டிப் பார்த்தால் அடியில் ஒரு ஆப்பிள். காலையில் மெல்போர்னில் கிளம்பும்போது மகள் எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டிருக்கிறாள். ‘ஆப்பிள் தீவு’ என்றே பெயர் வாங்கிய ஊருக்குள் நுழைய என் ஆப்பிளைத் தொட்டியில் போட்டேன். வெளியிலிருந்து ஈயோ பூச்சியோ வந்து தோட்டங்களைக் கெடுத்துவிடக் கூடாது என்று, அதே நாட்டின் இன்னொரு மாநிலத்திலிருந்து வருகிறவர்களிடம்கூட அவ்வளவு கெடுபிடி.

ஆப்பிளுக்குப் பக்கத்திலேயே நீலகிரித் தைலப் புட்டி கிடந்தது. அதன் மூடி சரியில்லை. பை முழுக்க அந்த வாசனைதான். நாய் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பிறந்து வளர்ந்த ஊரின் வாசனை ஆயிற்றே.

நான் வெலிங்டனில் பிறந்தவள். நியூசிலாந்து வெலிங்டன் இல்லை. குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன். அப்பாவுக்கு ராணுவக் குடியிருப்பில் குமாஸ்தா வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய யூகலிப்டஸ் மரம் உண்டு. மலையில் யாரும் யூகலிப்டஸ் என்று சொல்வதில்லை, கற்பூர மரம்தான். அதன் சுள்ளியில் வெந்நீர், இலையில் ஆவி, மொட்டின் மூடியில் பம்பரம் என்று வளர்ந்தோம். கல்யாணமாகி மதுரைக்கு வந்து, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து, ஓய்வும் பெற்றாயிற்று. இன்றைக்கும் தலைவலி வந்தால் அந்தப் புட்டிதான்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு தம்பி போன் செய்திருந்தான். "அக்கா, அந்த மரம் வீட்டுப் பக்கமா சாயுது. வெட்டறதுக்கு அனுமதி கேட்டு எழுதிப் போடணும். உன் கையெழுத்தும் வேணும்." பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மனசு வரவில்லை.

மெல்போர்னில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தவள், கடைசியில் நாலு நாள் தனியாக ஹோபார்ட் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய ஆச்சரியம். "தனியாவா? அங்க என்னம்மா இருக்கு?" என்றாள். அந்த மரத்தின் பிறந்த வீடு இருக்கிறது என்றேன். மருமகன் சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

டெர்வென்ட் பாலம்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக டெர்வென்ட் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு என்பது பெயருக்குத்தான். அந்த இடத்தில் கடல் மாதிரி அகன்று கிடக்கிறது. டாக்சி ஓட்டிய பையன் நேபாளத்துக்காரன், படித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறான். பாலத்தின் நடுவில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "கீழே ஒரு கப்பல் இருக்கிறது, தெரியுமா?" என்றான். எட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது.

1975 ஜனவரி 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, துத்தநாகத் தாது ஏற்றி வந்த ‘லேக் இல்லவாரா’ என்ற கப்பல் பாலத்தின் தூண்களில் மோதியது. பாலத்தின் ஒரு துண்டு அப்படியே இடிந்து கப்பலின் மேல் விழ, கப்பல் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த 7 பேரும், இருட்டில் வந்த கார்களோடு விழுந்த 5 பேருமாக 12 உயிர். இரண்டு கார்கள் முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க விளிம்பிலேயே நின்றுவிட்டன. கப்பலை எடுக்கவில்லை, இன்னும் அடியில்தான் கிடக்கிறது. பெரிய கப்பல் ஏதாவது அடியில் போகிறதென்றால் இன்றும் மேலே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பையன் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவன் பிறப்பதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் முன்பு நடந்த கதை. ஆனால் சொந்த ஊர்க் கதை மாதிரி சொன்னான். ஒரு ஊரின் துக்கத்தைச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி ஊர்க்காரனாகிவிட்டதாக அர்த்தம் என்று தோன்றியது.

தங்கிய வீடு மலையடிவாரத்தில், சவுத் ஹோபார்ட்டில். எழுபதை ஒட்டிய ஒரு அம்மாள், மாடி அறையை வருகிறவர்களுக்கு விடுகிறார். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஏதாவது வாங்கலாமென்று வெளியே இறங்கினேன். கடைகள் சாத்திக் கிடந்தன. வெயிலோ பளீரென்று அடிக்கிறது. நவம்பர், அங்கே வசந்த காலம், எட்டு மணிவரை வெளிச்சம். இரவு பன்னிரண்டுக்கு இட்லி கிடைக்கும் ஊரில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இப்படி ஒரு வெயிலடிக்கும் ஊரடங்கைப் பார்ப்பது விநோதமாக இருந்தது. திரும்பி வந்து அந்த அம்மாள் கொடுத்த ரொட்டியையும் சூப்பையும் சாப்பிட்டுப் படுத்தேன்.

சலமாங்கா

மறுநாள் சனிக்கிழமை. துறைமுகத்தை ஒட்டிய சலமாங்காவில் வாரச் சந்தை கூடும் நாள். ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயும் கம்பளியும் தானியமும் அடைத்துவைத்த மணற்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் எதிரே கூடாரக் கடைகள். நம் சந்தைக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம் சத்தம். யாரும் கூவி விற்பதில்லை. பொருள் தானே பேசிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு கடையில் மரச் சீவல்களைச் சின்னத் துணிப்பையில் போட்டு விற்றார்கள். ஹுவான் பைன். அந்தத் தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். தண்டு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பருக்குமாம். உள்ளே ஒருவகை எண்ணெய் இருப்பதால் தண்ணீரில் கிடந்தாலும் உளுத்துப்போகாது, அதனால் படகு கட்டுகிறவர்களுக்கு அது தங்கம். முகர்ந்து பார்த்தேன். இனிப்பும் காரமும் கலந்த, கிராம்பு டப்பாவைத் திறந்தது போன்ற வாசனை. கடைக்காரர் ஒரு பலகையைக் கையில் கொடுத்து வளையங்களை எண்ணச் சொன்னார். கட்டைவிரல் அகலத்துக்குள் பதினெட்டு எண்ணி, கண் வலித்து விட்டுவிட்டேன். அடுத்த கடையில் லெதர்வுட் மரத்துப் பூந்தேன். நாக்கில் பட்டதும் நீலகிரியின் கொம்புத்தேன் ஞாபகம் வந்தது, அதைவிட வாசனை தூக்கல், கொஞ்சம் மருந்து வாடை. எனக்கு நம்முடையதுதான் பிடித்தது. ஒரு சின்னப் புட்டி வாங்கினேன், மகளுக்கு.

கொத்தமல்லிக் கட்டு வைத்திருந்த மூதாட்டியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மோங் இனத்தவர். லாவோஸ் போருக்குப் பின் அகதிகளாக வந்து இந்தக் குளிர் ஊரில் காய்கறி போட்டுப் பிழைத்த குடும்பங்கள். பச்சை மிளகாயை எடுத்துக் காட்டி, "காரமா?" என்று சைகையில் கேட்டேன். அவர் ஒன்றைக் கடித்துக் காட்டினார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நானும் கடித்தேன். எனக்கும் மாற்றமில்லை என்று காட்டிக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் வாய்விட்டுச் சிரித்து, கட்டோடு இன்னும் நாலு மிளகாயைச் சேர்த்துவைத்தார்.

மதியம் ஸ்காலப் பை. ஸ்காலப் என்பது சிப்பிக்குள் இருக்கும் வெள்ளைச் சதை. அதை மஞ்சள் நிறக் குழம்பில் போட்டு, நம் பப்ஸ் மாதிரி அடுக்கடுக்கான மாவுக்குள் வைத்துச் சுட்டிருந்தார்கள். ஒரு வாய் கடித்ததும் வெந்தய வாடை. உற்றுப் பார்த்தால் மஞ்சள்தூள், மல்லி, கொஞ்சமே கொஞ்சம் மிளகாய். உலகத்தின் தென்கோடியில், இதற்கப்புறம் அண்டார்டிகாதான் என்ற ஊரில், ஊரின் பெருமைக்குரிய பண்டம் என்று காட்டுவது ஒரு கறிக்குழம்பை! இந்தக் கதைக்குத் திரும்பி வருகிறேன்.

அங்கிருந்து நடந்தால் ஹாட்லீஸ் என்ற பழைய ஓட்டல். 1912 மார்ச்சில் ரொவால் அமுண்ட்சென் தென்துருவத்திலிருந்து திரும்பி இந்த ஊரில் இறங்கியபோது இங்கேதான் தங்கினார். அழுக்குக் கம்பளிச் சட்டையோடு வந்த மனிதரை யாரென்று தெரியாமல் ஒரு சாதாரண அறையில் போட்டார்களாம். துருவத்தைத் தொட்ட செய்தியைத் தந்தியில் அனுப்பி முடிக்கும்வரை அவரும் வாய் திறக்கவில்லை. மோனா என்கிற பிரபலமான அருங்காட்சியகத்துக்கும் படகில் போய்வந்தேன். சாப்பாடு போட்டால் செரித்து மலம் கழிக்கும் ஒரு இயந்திரத்தைக் கலையென்று வைத்திருக்கிறார்கள். அதற்கு டிக்கெட் எடுத்துப் போக வேண்டுமா என்பது அவரவர் விருப்பம்.

சவுத் ஹோபார்ட்

வீட்டுக்காரம்மாள் சொன்னதைக் கேட்டு மூன்றாம் நாள் விடியற்காலையில் ஓடைப் பக்கம் போனேன். மலையிலிருந்து இறங்கி ஊருக்கு நடுவே ஓடுகிற சின்ன வாய்க்கால்தான் ஹோபார்ட் ஓடை. நம் கணக்கில் ஒரு தாண்டு தாண்டலாம். ஒருவர் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் போனதும் உதட்டில் விரல் வைத்து, தண்ணீரைக் காட்டினார். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து குமிழி. பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போய்க் கிளம்பலாமென்று நினைத்தபோது, தண்ணீரில் மிதந்த பழுப்புக் கட்டை ஒன்று திரும்பியது. பிளாட்டிபஸ். ஒரு முழ நீளம்கூட இல்லை. அலகை இடமும் வலமும் ஆட்டி எதையோ மென்றது, பின்கால் ஒன்றைத் தூக்கி விலாவைச் சொறிந்துகொண்டது, சத்தமில்லாமல் முழுகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு விலங்கியல் ஆசிரியர் விடுப்பில் போகும்போதெல்லாம் இதை நான்தான் நடத்துவேன்: முட்டையிடும், பாலூட்டும், வாத்து மாதிரி அலகு. முதன்முதலில் இதன் பாடம் செய்த தோல் லண்டனுக்குப் போனபோது, யாரோ வாத்து அலகை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள் என்பதையும் சொல்வேன். அது விலாவைச் சொறியும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஓடையை ஒட்டியே கேஸ்கேட்ஸ் பெண் கைதிகள் தொழிற்கூடம் இருக்கிறது. 1828-இலிருந்து 1856 வரை, பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட பெண்களை அடைத்துவைத்த இடம். பெரும்பாலும் திருட்டுக் குற்றம், அதுவும் துணி, பாத்திரம், சில்லறை. இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகள் ஆணும் பெண்ணுமாக 70,000-க்கும் மேல். இப்போது அங்கே நிற்பவை மதில்கள்தான். உள்ளே வெறும் சரளை முற்றம். மலை மறைப்பதால் வெயில் சீக்கிரம் போய்விடுகிறது, ஓடையின் ஈரம் சுவரில் ஏறுகிறது. துணி துவைக்கவும் பழைய கப்பல் கயிற்றைப் பிரிக்கவும் அவர்களை உட்காரவைத்தார்கள். குழந்தை பெற்றவளிடமிருந்து பால் மறக்கடித்து உடனே பிரித்தார்கள், அந்தக் குழந்தைகள் ஏராளமாகச் செத்தன. அந்த முற்றத்தில் நான் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

வெளியே வந்து நிமிர்ந்தால் எதிர் மலைச்சரிவில், வெள்ளையடித்த கற்களால் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய எழுத்துகள்: ‘கீன்ஸ் கறி’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து வந்து பக்கத்துக் கிங்ஸ்டனில் குடியேறிய ஜோசப் கீன் என்பவர் கலந்து விற்ற மசாலாப் பொடியின் விளம்பரம் அது. நூறு வருஷத்துக்கு மேலாக இருப்பதால் ஊர்க்காரர்களுக்கு விளம்பரம் என்ற நினைப்பே போய்விட்டது. ஸ்காலப் பைக்குள் இருந்த வெந்தயத்தின் பூர்வீகம் பிடிபட்டது. இரவில் யாராவது ஏறிக் கற்களை மாற்றிவைத்து வேறு வாசகம் எழுதுவதும் உண்டாம். 1994-இல் மலைக்குக் கேபிள் கார் போடும் பேச்சு எழுந்தபோது, ஒரு நாள் காலையில் ஊர் கண் விழித்தால் சரிவில் ‘கேபிள் கார் வேண்டாம்’ என்று இருந்ததாம். நம் ஊரில் மலைமேல் எழுதினால் கட்சிப் பெயராக இருக்கும். இவர்கள் குழம்புப் பொடியை எழுதி வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

அன்றிரவு அந்த அம்மாளின் அடுக்களையில் நானே குழம்பு வைத்தேன். அவர் அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்ததும் கீன் பொடிதான். மோங் பாட்டியின் மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் உருப்படியாயிற்று. சாப்பிடும்போது என் தைலப் புட்டியைக் காட்டி, வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். உடனே மூடிவிட்டார்.

"எனக்கு இது நெருப்பு வாசனை" என்றார்.

1967 பிப்ரவரி 7. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, மலைச்சரிவில் ஃபெர்ன் ட்ரீ என்ற ஊரில் வீடு. அன்று 39 டிகிரி வெயில், புயல் மாதிரிக் காற்று. மத்தியானமே இருட்டிவிட்டது, பள்ளிக்கூடத்தில் விளக்குப் போட்டார்கள். எரியும் இலைகள் பறவைகள் மாதிரிப் பறந்து வந்து கூரைகளில் இறங்கின. யூகலிப்டஸ் இலையில் இருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, தீ தொடுவதற்கு முன்பே மரம் பற்றிக்கொண்டது. ஐந்து மணி நேரத்துக்குள் தெற்கு டாஸ்மேனியாவில் 62 பேர் செத்தார்கள். ஓடைக்கரையில் 1824-இலிருந்து இருக்கும் பீர் ஆலைகூடத் தீயில் வெந்து கூடானது. அவர்கள் வீட்டில் மிஞ்சியது புகைபோக்கி.

"அப்பா அந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டாரா?" என்றேன்.

"எதற்கு? ஒரு மாதத்தில் கரிக்கட்டையிலிருந்து இலை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால் அவை துளிர்த்துவிட்டன. வீடு கட்ட எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது" என்றார்.

டொமைன்

நான் தேடி வந்ததைச் சொல்கிறேன். ஊரை ஒட்டி ஆற்றோரமாக ஒரு மேடு இருக்கிறது, டொமைன் என்று பெயர். 1818-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அதன் சரிவில்தான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரும், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்குகிறார்கள். நானும் சொன்னேன். மதுரையில் சொன்னால் டிரைவர் பயந்துவிடுவார்.

டெர்வென்ட் வாய்க்குத் தெற்கே ஒரு கால்வாய் உண்டு. டான்ட்ரகாஸ்டோ என்ற பிரெஞ்சுத் தளபதியின் பெயர் அதற்கு. அவருடைய கப்பலில் வந்த லபில்லார்டியேர் என்ற தாவரவியலாளர் 1792-இல் இந்தக் கடற்கரையில் ஒரு மரத்தைக் கண்டார். அதன் காய், கோட்டில் தைக்கிற பித்தான் மாதிரி இருந்ததால் ‘குளோபுலஸ்’ என்று பெயரிட்டார். 1843-இல் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். சோலைக்காட்டையெல்லாம் விறகுக்கு வெட்டித் தீர்த்த வெள்ளைக்காரர்களுக்குச் சட்டென்று வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. பிறகு மலை மலையாக நட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நட்டோம், சிறுமுகை ஆலைக்கு லாரி லாரியாக வெட்டி அனுப்பினோம். புல்வெளி போயிற்று, ஊற்று வற்றியது. வந்த மருமகள் புகுந்த வீட்டையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட கதை. இப்போது நீதிமன்றம் சொல்லி, அந்நிய மரம் என்று அப்புறப்படுத்துகிறார்கள்.

டொமைன் மேட்டில் அந்த மரத்தின் அடியில் நின்றேன். அதே பட்டை, நீள நீளமாக உரிந்து தொங்குகிறது. கீழே அதே பித்தான், நாலு பக்கமும் விளிம்பு, மேலே திருநீறு பூசினாற்போல் சாம்பல் பூச்சு. எடுத்துக் கசக்கினேன். வெலிங்டன். அம்மிச்சி முதுகில் தைலம் தேய்த்த கை. எல்லாம் சரிதான், ஆனால் ஏதோ ஒன்று மாறியிருந்தது. புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மரம் சத்தம் போட்டது. எங்கள் மலையில் கற்பூரக் காட்டுக்குள் போனால் காற்றின் சத்தம் மட்டும்தான், அடியில் செடி இருக்காது, மேலே பறவையும் அதிகம் இருக்காது. இங்கே தலைக்கு மேல் ஒரே கூச்சல். வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக விரிந்து தேன் சொட்டுகிறது, தேனீயும் பறவையும் மொய்க்கின்றன. நிஜமாகவே சொட்டியது, என் கண்ணாடியில் ஒரு துளி விழுந்து பிசுபிசுத்தது.

பச்சைப் பறவை ஒன்றைப் பார்த்து, "ஸ்விஃப்ட் கிளிதானே?" என்று அருகில் பைனாகுலரோடு நின்ற இளைஞனைக் கேட்டேன். இல்லை, அது லோரிகீட், எங்கும் இருக்கும் என்றான். என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, நான் நகர்ந்த பிறகும் விடாமல் தேடியிருக்கிறான். கால் மணி நேரம் கழித்து ஓடிவந்து கூப்பிட்டான். அடுத்த மரத்தின் உச்சிக்கு அடுத்த கிளையில் இரண்டு. கைப்பிடி அளவு உடம்பு, நெற்றியும் தொண்டையும் சிவப்பு. ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் முகத்தைப் புதைத்து நக்கியது. நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் மகரந்தம். குளிர்காலம் முழுவதும் பெருநிலத்தில் இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வருகிறவை. இந்த மரம் எங்கே பூக்கிறதோ அந்த வருஷம் அங்கேதான் கூடு. உலகத்திலேயே ஆயிரத்துக்கும் குறைவுதான் மிச்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காடு வெட்டுவது ஒரு காரணம். இன்னொன்று சுகர் கிளைடர், அணில் மாதிரி தாவிப் பறக்கும் சின்ன விலங்கு. கூட்டுக்குள் நுழைந்து தாய்க்கிளியையே தின்றுவிடுகிறது. அது இந்தத் தீவின் பிராணி இல்லை, பெருநிலத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவந்து விட்டது என்றான் அந்தப் பையன். எங்கள் மலையில் இந்த மரம் செய்ததைச் சொன்னேன். அவனுக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. "ப்ளூ கம்மா?" என்று மரத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கேட்டான்.

மேட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் ஒரு பழைய இரும்புக் கதவு. பியூமாரிஸ் விலங்குக்காட்சி சாலை இருந்த இடம். முதுகில் வரி ஓடிய டாஸ்மேனியப் புலி, மனிதர் கண்ணறிந்த கடைசி ஒன்று, 1936 செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு இங்கே செத்தது. அந்த இனத்தைப் பாதுகாக்கச் சட்டம் போட்டு 59 நாள் ஆகியிருந்தது. இன்று மாநிலத்தின் கார் நம்பர் பலகைகளில் அதன் படம் இருக்கிறது.

குனன்யி

கடைசி நாள் மலை. 1,271 மீட்டர். பழங்குடிகளான பலாவா மக்களின் சொல்லில் அது குனன்யி. 2013 முதல் அந்தப் பெயரும் அரசாங்கப் பெயர். இன்னொரு பெயர் மவுன்ட் வெலிங்டன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிறகு வெலிங்டன் பிரபு. எங்கள் ஊருக்கும் இந்த மலைக்கும் அவர் பெயர். எங்கள் ஊரும் அதற்கு முன் ஜக்கதலா. இரண்டு இடங்களையும் அந்த மனிதர் கண்ணால் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

உச்சிக்குப் போகும் சாலை 1930-களில் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களை வைத்துப் போட்டது. அடிவாரத்தில் கற்பூர மரங்கள், ஏற ஏற மரங்கள் குள்ளமாகி, கடைசியில் முழங்கால் உயரப் புதரும் பாறையும். வழியில் மஞ்சளாகப் பூத்த ஒரு முள்புதரைப் பார்த்து எழுந்தே விட்டேன். கோர்ஸ். பிரிட்டிஷ்காரர்கள் ஊர் ஞாபகத்துக்கு வேலியாக வைத்து, ஊட்டியிலும் இங்கேயும் ஒரே மாதிரி அடங்காமல் பரவிய களை. உச்சியில் காற்று என்னைக் கம்பியில் அழுத்தியது. கீழே ஊர், பாலம், துறைமுகத்தில் அண்டார்டிகா போகும் சிவப்புக் கப்பல், அப்பால் டான்ட்ரகாஸ்டோ கால்வாய்.

அந்தக் கால்வாயைப் பார்த்தபோது முந்தைய நாள் மழைக்கு ஒதுங்கிய இன்னொரு அருங்காட்சியகம் ஞாபகம் வந்தது. ட்ருகனினி என்ற பலாவாப் பெண் 1876-இல் இறந்தாள். தன் சாம்பலை இந்தக் கால்வாயில் கரைக்கச் சொல்லியிருந்தாள். செய்யவில்லை, புதைத்ததைத் தோண்டி எடுத்து, எலும்புக்கூட்டை 1947 வரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இனத்தில் கடைசி ஆள் என்று வேறு எழுதினார்கள், அது பொய். அவளுடைய மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் போராடித்தான் 1976-இல், நூறு வருஷம் கழித்து, சாம்பல் கால்வாயில் கரைந்தது. அருங்காட்சியகம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்.

கீழே இறங்கியதும் தம்பிக்குப் போன் செய்தேன். "கையெழுத்துப் போடறேன். வெட்டிடு" என்றேன். "என்னக்கா, திடீர்னு?" என்றான். அங்கே போய்ப் பார்த்துட்டேன், நல்லாத்தான் இருக்கு என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்திருக்காது.

அனுமதி வர ஜனவரி ஆயிற்று. இரண்டு லாரி மரம், இலையைத் தைலம் காய்ச்சுகிறவர் அள்ளிக்கொண்டு போனார். மார்ச்சில் தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான்: அடிக்கட்டையின் ஓரத்திலிருந்து நாலு தளிர், சதுரத் தண்டு, நீலச் சாம்பல் இலை.